ஏறாதவர் பெட்டி

ஜனவரி 6

என் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துப் படி. போனில் பேசினால் உனக்கு அழுகை வருகிறது. எனக்கு ஒன்றும் வருவதில்லை. அது உனக்குப் பயமாக இருக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னார். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அப்பா போய் நாற்பத்தொரு நாள் ஆகிறது. நீ வர முடியாமல் போனதை இங்கே யாரும் குறையாகச் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எப்போதும்போல விரிப்பு மடிக்கிறேன். இரண்டு முனையை நானும் இரண்டு முனையை இஸ்திரிக்காரியும் பிடித்து, எதிரெதிரே நடந்து வந்து மடிப்போம் அல்லவா, முன்பெல்லாம் வாய் ஓயாது. இப்போது அவள் பேசுகிறாள், நான் மடிக்கிறேன்.

நெட்டைச் சித்தப்பா வந்தார். விமானத்தில் சாமான் ஏற்றுகிறவர்களில் அப்பாவுக்கு அடுத்து இப்போது அவர்தான் மூத்தவர். அப்பாவின் அலமாரியில் இருந்ததை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தார். கையுறை, இடுப்புப்பட்டை, வெளிச்சம் பட்டால் மின்னுகிற பட்டை வைத்த கோட்டு. கோட்டுப் பையில் ஒரு சீப்பு இருந்தது. "அண்ணனுக்குத் தலையில என்ன இருந்துச்சுன்னு சீப்பு வச்சிருந்தாரு அண்ணி" என்றார். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். நான் சிரித்திருக்க வேண்டும். அதுவும் வரவில்லை.

போன வாரம் போனில், "அங்க தனியா என்ன பண்ணப் போற, இங்க வந்துடும்மா" என்று சொன்னாய். ஒரு வாரமாக அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வருகிறேன் பாப்பா. இங்கே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வந்துவிடுகிறேன். வேலையிலும் சொல்லிவிட்டேன்.

உன் கல்யாணத்துக்கு மறுவருஷம் அப்பா வாங்கிய பெரிய நீலப் பெட்டி பரணில் இருந்ததே, அதை இறக்கித் துடைத்தேன். மகள் வீட்டுக்குப் போகும்போது இதில்தான் சாமான் கொண்டுபோக வேண்டும், நானே விமானத்தில் ஏற்றுவேன், நானே ஏறிப்போய் இறக்குவேன் என்பார். ஆறு வருஷமாகக் காலியாகவே இருந்தது.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அம்மா

ஜனவரி 19

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். நீ வருகிறேன் என்று எழுதிய வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். இத்தனை நாளும் என் உடம்பு மட்டும்தான் இங்கே இருந்தது.

மார்ச் 4ஆம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டோம். தாள் இதோடு இருக்கிறது, பத்திரம். இருப்பதிலேயே விலை குறைந்த டிக்கெட். கையில் கொண்டுவருகிற பை மட்டும்தான், அதுவும் ஏழு கிலோ. பெட்டி போட்டால் தனிக் கட்டணம், டிக்கெட் விலையில் பாதி கேட்கிறார்கள். அதனால் நீலப் பெட்டி வேண்டாம்மா. இங்கே எல்லாம் இருக்கிறது.

இங்கே எல்லோரும் என்ன செய்கிறார்கள் தெரியுமா, கனமான துணியை எல்லாம் உடம்பில் போட்டுக்கொண்டு போகிறார்கள். என்னோடு வேலை செய்கிற ஒருத்தி நாலு சட்டை, இரண்டு கால்சட்டை போட்டு, கோட்டுப் பையில் சார்ஜரையும் செருப்பையும் திணித்துக்கொண்டு போனாள். போகும்போது பூசணிக்காய் மாதிரி இருந்தாள். பையைத்தான் எடை போடுவார்கள், ஆளை எடை போட மாட்டார்கள். நீயும் அப்படியே வா. யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அப்பாவுக்கு வராமல் போனதை நான் இன்னும் யாரிடமும் பேசவில்லை. நீ வந்த பிறகு பேசுவேன்.

உன் பாப்பா

பிப்ரவரி 2

என் பாப்பாவுக்கு,

கடிதமும் தாளும் வந்தன. தாளில் இருப்பது எனக்குத் தெரியாத எழுத்து. நீ எழுதிய தேதி போதும் என்று தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

ஏழு கிலோ என்றால் என் கைக்குத் தெரியும். காய்ந்த விரிப்பு பதினொன்று. ஈர விரிப்பு என்றால் ஐந்துதான். அப்பாவின் கோட்டும் காலணியும் இடுப்புப்பட்டையும் சேர்ந்தே நாலு கிலோ வருகிறது. சலவைக்கூடத் தராசில் வைத்துப் பார்த்தேன். கூடத்து மேஸ்திரியம்மா பார்த்துவிட்டு, அடுத்த மூட்டையைத் தராசுக்கு நகர்த்தினார்.

துணியை உடம்பில் போட்டுக்கொள்கிற கதை எல்லாம் அப்பா சொல்லித் தெரியும். பெட்டிக்குக் கட்டணம் வந்த புதிதில் வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். வேர்த்து வடிய வடிய மூன்று கோட்டு போட்டுக்கொண்டு ஒருவர் படியேறினாராம். ஒரு அம்மாள் பிள்ளையின் காலணியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு போனாராம். பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. பெட்டி குறைந்தது என்று எட்டுப் பேரை நாலு பேர் ஆக்கினார்கள். பெட்டிதான் குறைந்ததே தவிர கனம் குறையவில்லை. "ஒரு பெட்டிக்குத்தான் காசு கட்டுவாங்க, அதுக்குள்ள வீட்டையே அடைச்சிடுவாங்க" என்பார்.

அவருக்கு ஆகவே ஆகாத வேலை ஒன்று உண்டு, நினைவிருக்கிறதா? ஏறாதவர் பெட்டி. பெட்டியைப் போட்டுவிட்டு ஆள் விமானத்தில் ஏறாவிட்டால், அந்தப் பெட்டியை இறக்காமல் விமானத்தை விட மாட்டார்கள். அடுக்கியதை எல்லாம் கலைத்து, விமானத்தின் வயிற்றுக்குள் முழங்காலில் ஊர்ந்து தேடி எடுக்க வேண்டும். அப்படிப்பட்ட நாளில் வந்ததும் குப்புறப் படுத்துவிடுவார். நான் முதுகில் வெந்நீர்ப் பை வைப்பேன். "ஏறப் போறதில்லைன்னா எதுக்குடி பெட்டியப் போடுறாங்க" என்று என்னைக் கேட்பார்.

கடைசி நாளைப் பற்றி உன்னிடம் சொல்லவில்லை. நெட்டைச் சித்தப்பா சொன்னதை எழுதுகிறேன். ஒரு பச்சைப் பெட்டி, கயிறு போட்டுக் கட்டியது. கனமான பெட்டி என்றால் கைப்பிடியில் சீட்டு கட்டியிருப்பார்கள், இரண்டு பேராகத் தூக்குவார்கள். அதில் சீட்டு இல்லை. அப்பா தனியாகத் தூக்கினார். பாதி தூக்கியதும் அதன் மேலேயே சாய்ந்து உட்கார்ந்தார். இளைப்பாறுகிறார் என்று நினைத்தார்களாம். அந்தப் பெட்டி அதே விமானத்தில் போய்விட்டது. அதன் சொந்தக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்து என்ன ஆகப் போகிறது.

நான் ஒன்று கேட்கிறேன். முடியாது என்றால் விட்டுவிடு. நீலப் பெட்டியைக் கொண்டுவரட்டுமா? வீட்டை ஒழித்துவிட்டேன். கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று. மிச்சம் இருப்பது அந்தப் பெட்டிக்குள் அடங்கிவிடும்.

உன் அம்மா

பிப்ரவரி 14

அன்புள்ள அம்மாவுக்கு,

பச்சைப் பெட்டியைப் படித்த அன்று நான் வேலைக்குப் போகவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஊருக்கு வந்தபோது நானும் ஒரே பெட்டியில்தான் அடைத்துக்கொண்டு வந்தேன். அப்பா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உள்ள மாப்பிள்ளையையும் மடிச்சு வச்சுக் கொண்டாந்துட்டியா" என்றார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம்.

பெட்டிக்குப் பணம் கட்டிவிட்டோம் அம்மா. முப்பது கிலோ. நான் சொல்வதற்கு முன்னால் மாப்பிள்ளையே கட்டச் சொன்னார். புதுத் தாளை இதில் வைத்திருக்கிறேன், பழையதைக் கிழித்துவிடு. நீலப் பெட்டியில் உனக்கு எது தோன்றுகிறதோ அதைக் கொண்டுவா.

வீட்டை ஒழித்தது ரொம்ப நல்ல காரியம். அப்பாவின் சாமான் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் மனசு ஆறாது. நம் வீட்டுப் படுக்கையறை ஜன்னல் என்ன அகலம் என்று எனக்கு நினைவிருக்கிறது, ஏன் என்று கேட்காதே.

நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

உன் பாப்பா

மார்ச் 18

என் பாப்பாவுக்கு,

நீங்கள் இருவரும் வேலைக்குப் போயிருக்கிறீர்கள். உன் வீட்டுக் கூடத்தில், ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாளைக் காலை நான் கிளம்பிய பிறகு இதை நீ படிப்பாய்.

பதினைந்து நாளும் என்னை நன்றாக வைத்துக்கொண்டாய். மாப்பிள்ளை தினமும் மடக்குக் கட்டிலை அவர் கையால் விரித்துக் கொடுத்தார். வெந்நீர் போட்டு வைத்தார். வாய் நிறைய அத்தை அத்தை என்றார். ஒரு குறையும் இல்லை. இதை முதலில் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

உன்னிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது. பிப்ரவரி கடைசியில் நெட்டைச் சித்தப்பா பெட்டியைக் கட்டிக் கொடுக்க வந்தார். நீ அனுப்பிய புதுத் தாளை அவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "பரவாயில்லையே அண்ணி, பெட்டி போறதுக்கும் கட்டியிருக்கு, வர்றதுக்கும் கட்டியிருக்கு" என்றார். எங்கே வருவதற்கு என்று கேட்டேன். "இங்கதான். பத்தொன்பதாம் தேதி திரும்புறீங்க" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தார்.

நீ 'வந்துடு' என்று சொன்னாய். 'இருந்துடு' என்று சொல்லவில்லை. நான்தான் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டேன். நானும் சரியாக எழுதவில்லை. வீட்டை ஒழித்துவிட்டேன் என்று எழுதினேன். நீ சுத்தம் செய்ததாக நினைத்தாய். நான் காலி செய்ததைச் சொன்னேன். வேலையில் சொல்லிவிட்டேன் என்றது லீவு இல்லை, நின்றுகொள்கிறேன் என்று சொன்னேன். வீட்டுக்காரர் அதற்குள் வேறு ஆளிடம் முன்பணம் வாங்கிவிட்டார். மார்ச் ஒன்றாம் தேதி சாவியைக் கொடுத்தேன். விமானம் ஏறுகிற வரை மூன்று நாள் இஸ்திரிக்காரியின் அறையில் இருந்தேன்.

பெட்டியில் வைத்ததை எல்லாம் வெளியே எடுத்துவிட்டேன். அப்பாவின் கோட்டை மட்டும் விட்டேன். கவுண்டரில் எனக்கு முன்னால் ஒரு குடும்பம், பெட்டியைத் தரையில் திறந்து போட்டு, கூடுதல் எடையைக் குறைக்க ஆளுக்கொரு சட்டையாக மாட்டிக்கொண்டிருந்தார்கள். தகப்பன் ஒரு சட்டையை மாட்ட முடியாமல் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார், பிள்ளைகள் சிரித்தார்கள். என் முறை வந்தது. கவுண்டர் பெண், "முப்பது கிலோவுக்குக் கட்டியிருக்கீங்க, ஆறு கிலோதாம்மா இருக்கு. இதக் கையிலயே கொண்டு போயிருக்கலாமே" என்றாள். பெட்டிதான் போக வேண்டும் என்று சொன்னேன். அவள் சீட்டைக் கட்டி அனுப்பினாள். உள்ளே சித்தப்பாதான் ஏற்றியிருப்பார்.

பிறகு ஏறுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் நின்றது. எதற்குப் போகிறோம் என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்து வெளியே போய்விடலாம் என்று பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். அப்போதுதான் பெட்டி உள்ளே போய்விட்டது நினைவுக்கு வந்தது. நான் ஏறாவிட்டால் சித்தப்பா விமானத்துக்குள் முழங்காலில் ஊர்ந்து தேட வேண்டும். அன்றைக்கு வேலைக்கு மூன்று பேர்தான் என்று காலையில் சொல்லியிருந்தார். அதனால் ஏறினேன். உன்னைப் பார்க்க வந்தேன் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அந்த நிமிஷத்தில் பெட்டிக்காகத்தான் ஏறினேன்.

வந்த பிறகு, நீ கேட்பாய் என்று இருந்தேன். கேட்டால் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். நாலாம் நாள் பக்கத்து வீட்டு அம்மாள் வந்து கட்டிலைப் பற்றிக் கேட்டார். அது அவருடையது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நீ, "பத்தொன்பதாம் தேதி காலையில தந்துடறேன்க்கா" என்றாய். சாதாரணமாகத்தான் சொன்னாய். உள்ளே உட்கார்ந்து உன் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்து முடித்தேன்.

உன் மேல் கோபம் இல்லை. கோபம் வந்தால்கூட நன்றாக இருக்குமே என்று பார்த்தேன். வரவில்லை. இரண்டு அறை வீடு, இரண்டு பேர் சம்பளம், எல்லாம் கண்ணால் பார்த்துவிட்டேன். அப்பாவுக்கு வராமல் போனதைப் பற்றிப் பேசுவேன் என்று எழுதியிருந்தாய். நீயும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அப்படியே இருக்கட்டும்.

நம் வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு நீ தைத்து வைத்திருந்த திரைச்சீலையை நேற்றுக் கொடுத்தாய். பிரித்து என் கையால் அளந்து பார்த்தேன். ஒரு விரல்கூட முன்பின் இல்லை. அளவை மறக்காமல் வைத்திருந்தாயே. அதை நீலப் பெட்டியில் கோட்டுக்கு மேல் மடித்து வைத்திருக்கிறேன். பெட்டி இங்கேயே இருக்கட்டும். அப்பா கொண்டுவர நினைத்த வீட்டுக்கு வந்துவிட்டது, இனி அதை அலைக்க வேண்டாம் என்று காலையில் உன்னிடம் சொல்லப் போகிறேன். நீ மறுத்தால் முதுகு வலிக்கிறது என்பேன்.

திரும்பும்போது கையில் ஒரு பைதான். மூன்று கிலோ வரும். வழியில் நான் எங்காவது உட்கார்ந்துவிட்டாலும் யாரும் எதையும் கலைத்துத் தேட வேண்டியதில்லை. பயப்படாதே, உட்கார மாட்டேன். மேஸ்திரியம்மா இருபதாம் தேதி முதல் மறுபடி வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

பதில் எழுதுவதாக இருந்தால் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம் என்று போட்டு அனுப்பு. அந்த வீட்டு ஜன்னலில் இப்போது வேறு யாரோ திரை போட்டிருப்பார்கள்.

உன் அம்மா