இலை நனைந்தால் கூப்பிடும் போர்டு

கையில் ஈயம் சுட்ட தழும்போடும் வாய் நிறையச் சிரிப்போடும் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிற மதினிக்கு,

போர்டு வேலை செய்யுது மதினி! மற்றதெல்லாம் பிறகு. இதை முதலில் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது.

நீங்கள் காய்ச்சலில் எங்களை விட்டுப் போய் ஏழு மாதம் ஆகிறது. நம் அனுமந்தன்பட்டித் திராட்சைத் தோட்டத்துக்காகப் துளை துளையாய் இருக்கும் புள்ளி போர்டில் வயர் வயராய்ப் பத்தவைத்தீர்களே, ஒரு கருவி, ஞாபகம் இருக்கா? இலை நனைந்ததும் போனுக்குத் தகவல் அனுப்ப வேண்டியது, முதல் மழையிலேயே ஊமையாகிவிட்டது. மருந்தடிக்கத் தாமதமாகி, அடிச்சாம்பல் நோய் பாதிக் கொத்தைத் தின்றது. அதற்கப்புறம்தான் வயரே இல்லாமல் கம்பெனியில் அச்சடித்த சர்க்யூட் போர்டு வாங்குவோமென்று லேப்டாப்பில் வரைபடம் போட்டீர்கள். ஆர்டர் போட உங்களுக்கு நாள் கிடைக்கவில்லை.

நான் போட்டேன்.

போர்டு அச்சடிக்கும் கம்பெனியின் இணையப் பக்கத்தைத் திறந்தால் கேள்வி மேல் கேள்வி. எத்தனை அடுக்கு? எவ்வளவு தடிமன்? என்ன நிறம்? செம்புக்கு மேலே ஈயப் பூச்சா, தங்கப் பூச்சா? அண்ணன் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாக.

“பச்சையே போடு ஆத்தா. எல்லாரும் அதத்தான வாங்குறாக?”

பச்சை, இரண்டு அடுக்கு, வழக்கமான தடிமன். அதுவரைக்கும் சுலபம். பூச்சில்தான் மாட்டிக்கொண்டேன். நீங்கள் ஈயம் என்று குறித்திருந்தீர்கள். ஆனால் இலைக்குப் பக்கத்தில் நிற்கும் பகுதியில் ஈரத்தை உணரச் செம்புக் கோடுகள் திறந்தே இருக்கணுமே, மழையும் படும், மருந்தும் படும். கொடிக்கு அடிக்கிற போர்டோ கலவை மருந்து ஒரு டம்ளரில் ஈயம் பூசிய துண்டு ஒன்றையும், பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய தங்கமுனை அட்டை ஒன்றையும் ஒரு வாரம் ஊறப்போட்டேன். ஈயம் கறுத்துப்போச்சு. தங்கம் அப்படியே இருந்தது. உங்கள் ஒரே போர்டை இரண்டாகப் பிரித்துவிட்டேன். பெட்டிக்குள் இருப்பதற்கு ஈயம், வெளியே நனைவதற்கு மட்டும் தங்கம். கோபமா மதினி?

மேலே வெள்ளை எழுத்தில் ‘மதினி 2’ என்று அச்சடிக்கச் சொன்னேன்.

“ரெண்டா? அப்ப ஒண்ணு எங்க?” என்று கேட்டாக அண்ணன்.

“மதினி கையால செஞ்சதுதான் ஒண்ணு.”

அண்ணன் வெளியே போனாக.

பார்சல் வந்தது. பிரித்தால் தங்கத்தைக் காணோம்! கோடுகள் முழுக்கப் பச்சைப் பூச்சு மூடிக் கிடந்தது. அந்த இடத்தில் பச்சை வேண்டாமென்று வரைபடத்தில் காட்ட மறந்திருக்கிறேன். அஞ்சு போர்டும் வீண். அன்றைக்கு உங்கள் மேல்தான் கோபம் வந்தது. யாரைக் கேட்பேன் நான்? மூன்று நாள் முட்டி மோதி, நானே திருத்தி, மறுபடி ஆர்டர் போட்டேன். இந்தத் தடவை வெயிலில் மஞ்சளாய் மின்னுச்சு பாருங்க, தனியாக நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன். அன்றைக்கே ஒன்றைத் தோட்டத்தில் நட்டுவைத்தேன்.

போன வாரம் உரம் வாங்கச் சின்னமனூருக்குப் போயிருந்தேன். நல்ல வெயில். போனில் தகவல் விழுந்தது: இலை நனைந்தது. உடனே வீட்டுக்கு அடித்தேன்.

“அண்ணே, தோட்டத்துல மழை. மருந்து எடுத்து வைங்க.”

“ஏத்தா, இங்கன சுள்ளுன்னு வெயிலடிக்குது. உம் போர்டு பொய் சொல்லுது.”

“ஒரு எட்டுப் போய்ப் பாருங்களேன்.”

கொஞ்ச நேரத்தில் அண்ணனே கூப்பிட்டாக. மூச்சு வாங்கியது. “அங்கன மட்டும் கொட்டித் தீத்திருக்கு ஆத்தா! இலையெல்லாம் சொட்டுது!”

இலை உலர்ந்ததும் அன்று சாயங்காலமே மருந்தடித்தோம். இன்று காலையில் வரிசை வரிசையாய் இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு வெள்ளைப் புள்ளி இல்லை மதினி. ஒண்ணுகூட!

மிச்சம் நாலு போர்டு இருக்கிறது. அதில் முதலாவது மார்க்கையன்கோட்டையில் உங்க அம்மா தோட்டத்துக்குத்தான். நானே கொண்டுபோய் நட்டுவிட்டு வருவேன். தகவல் அனுப்புவது போர்டு வேலை. ஆனால் அங்கே இலை நனையும்போதெல்லாம் உங்க அம்மாவை நானும் கூப்பிட்டுப் பேசுவேன். சத்தியம்.

என்றைக்கும் உங்க நாத்தனா,
தமிழ்ச்செல்வி