கோட்டை யார் கையில்?

1949, நவம்பர் 3

படுக்கையறைச் சுவரில் பச்சையாக ஏதோ முளைத்திருக்கிறது. ஹூபர்ட்டைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சுவர் மில்லி, அப்படித்தான் இருக்கும்" என்கிறார். பாசியை அவரே நட்டு வளர்த்த மாதிரிப் பெருமை வேறு!

ஆல்டர்விக் கோட்டைக்கு இவர் ஆளுநராகி மூன்று வருடம் ஆகிறது. அரசருடைய கோட்டை. அரசர் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை, புத்திசாலி. ஜெனரலாக ஓய்வு பெற்ற மனிதருக்கு இங்கே என்ன வேலை? சூரியன் மறையும்போது சாவிக்கொத்தோடு வாசலில் நிற்பது. காவலர் டிம்ஸ் கதவைச் சாத்திவிட்டு, "கோட்டை யார் கையில்?" என்று கத்துவார். "கோட்டை அரசர் கையில், சாவி என் கையில்" என்று இவர் பதிலுக்குக் கத்துவார். பிறகு தேநீர்.

அதற்கப்புறம் யார் வந்தாலும் தொப்பியைக் கழற்றி, "ஆளுநரே, உள்ளே விட வேண்டும்" என்று மூன்று தடவை கேட்க வேண்டும். போன வருடம் பிஷப்பே கேட்டார். கேட்டுவிட்டு இரண்டு நாள் தும்மினார்.

நவம்பர் 8

அரண்மனையிலிருந்து தகவல். இந்தக் காலத்தில் ஆளுநர் பதவி தேவைதானா என்று பார்க்க சர் செட்ரிக் ப்ளோர் என்று ஒருவர் டிசம்பர் ஆறாம் தேதி வருகிறாராம். பதவி போனால் வீடும் போகும்.

ஹூபர்ட்டின் முகம் செத்துவிட்டது. நானோ — இங்கேயாவது உண்மையை எழுதலாம் — சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். டார்க்கி ஊரில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு சின்ன வீடு! காய்ந்த சுவர்! குழாயைத் திருகினால் வெந்நீர்!

நவம்பர் 9

காலையில் முட்டையை உடைத்துக்கொண்டே, "இதுவும் போச்சுன்னா நான் யாரு மில்லி?" என்று கேட்டார். உப்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

நவம்பர் 15

ஆளுநர் பதவியின் வரலாற்றை எழுதி சர் செட்ரிக்கிடம் கொடுக்கப் போகிறாராம். சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம். மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம்.

முதல் ஆளுநரைத் தூக்கில் போட்டார்கள். அடுத்தவர் குடித்துவிட்டு அகழியில் விழுந்தார். ஒருவர் நாற்பது வருடம் பாத் நகரத்தில் உட்கார்ந்துகொண்டே சம்பளம் வாங்கினார். கோட்டையைக் கண்ணால் பார்த்ததில்லை. இன்னொருவர் தேவாலயத்தில் பன்றி வளர்த்தார்.

"ஒருத்தராவது வேலை பார்த்தாரா ஹூபர்ட்?"

"பன்றி நல்லா வளர்ந்துச்சாம்" என்றார் பாவம்.

நவம்பர் 22

இவர் எழுதியதைப் படித்தபோது இன்றைக்குத்தான் எனக்குச் சுருக்கென்றது. பல நூறு வருடங்களுக்கு முன்பு பிரெஞ்சுப் படை கோட்டையை வளைத்தபோது ஆளுநர் வேட்டைக்குப் போயிருந்தார். உள்ளே சாவியோடு நின்றவள் அவர் மனைவி. மாலையில் அந்தப் பதிலை அவளே சொல்லியிருக்கிறாள். பதில் சொன்னவர்தான் விடியும்வரை ஆளுநர் என்று அன்றைக்கே அரசர் ஒப்புக்கொண்டாராம். மதில் மேலிருந்து கொதிக்கிற கஞ்சியை ஊற்றி ஏழு வாரம் தாக்குப்பிடித்தாள்.

இவ்வளவையும் இவர் எங்கே எழுதியிருக்கிறார் தெரியுமா? அடிக்குறிப்பில்! பன்றிக்கு ஒன்றரைப் பக்கம்.

"அவ பேரே தெரியலம்மா, என்ன பண்றது?"

"பன்னியோட பேரு தெரியுமா?"

இரவுக்கு ஆறிப்போன ஆட்டிறைச்சி. வேண்டுமென்றேதான் கொடுத்தேன்.

டிசம்பர் 5

கோட்டுப் பையில் ஓட்டை, சாவி விழுகிறது, தைத்துக் கொடு என்று மூன்றாவது தடவையாகக் கேட்டார். அடிக்குறிப்பில் இருப்பவர்களுக்கு ஊசி பிடிக்கத் தெரியாது என்றேன்.

டிசம்பர் 6

இன்னும் தூக்கம் வரவில்லை. கோபமா சந்தோஷமா, தெரியவில்லை.

சர் செட்ரிக் மதியம் வந்தார். உயரம், விலை உயர்ந்த தொப்பி, எதைப் பார்த்தாலும் ஒரு முகச் சுளிப்பு. எனக்குக் கை கொடுக்கவில்லை, குடையைக் கொடுத்தார். பிரெஞ்சுப் படை எங்கே கூடாரம் போட்டது என்று காட்டுவதற்கு ஹூபர்ட் அவரை மலையடிவாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். "பை ஓட்டை, இதை வச்சிரு மில்லி, இதோ வந்துடுறேன்" என்று சாவிக்கொத்தை என் கையில் திணித்தார். இவர் வரலாறு பேச ஆரம்பித்தால் 'இதோ' எவ்வளவு நீளும் என்று எனக்குத் தெரியாதா?

மழை பிடித்துக்கொண்டது. நாலு மணிக்கு முன்பே சூரியன் போய்விட்டது. டிம்ஸ் தவித்தார். "சாத்தணும்மா. ஐயா இன்னும் வரலியே."

சாத்தினார். வழக்கப்படி கத்தினார்: "கோட்டை யார் கையில்?" கத்திவிட்டு என்னைப் பார்த்தார். அதே நேரம் கதவுக்கு வெளியே அவர்கள் இருவரும் ஓடிவரும் சத்தம்.

நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். எந்தக் காலத்திலும் இல்லாதபடி பதில் வராத மாலை, அதுவும் சர் செட்ரிக்கின் காதுபட! பதவி அங்கேயே முடிந்திருக்கும். கண்ணுக்குள் டார்க்கி வந்துவிட்டது, வெந்நீர்க் குழாயோடு.

அப்போது வெளியிலிருந்து சர் செட்ரிக்கின் குரல்: "யாரைப் பார்த்துய்யா கத்துறான்? உள்ள ஒருத்தரும் இல்ல, அந்தம்மா மட்டும்தான் இருக்கு."

ஒருத்தரும் இல்லையா? நான் ஒருத்தரும் இல்லையா!

"கோட்டை அரசர் கையில்!" என்று கத்தினேன். காக்கைகள் கோபுரத்தை விட்டுப் பறந்தன. "சாவி என் கையில்!"

"சரிம்மா, கதவைத் திற" என்றார் சர் செட்ரிக்.

"தொப்பியைக் கழட்டிட்டு முறையா கேளுங்க."

"நான் யார்னு தெரியுமா?"

"தெரியும். வெளிய நிக்கிறவர்."

ஹூபர்ட் உடனே தொப்பியைக் கழற்றிவிட்டார். "ஆளுநரே, உள்ளே விட வேண்டும்!" மூன்று தடவையும் அவ்வளவு உற்சாகமாக. கல்யாணத்துக்குக் கேட்டபோதுகூட இந்தக் குரல் இல்லை. சின்னக் கதவைத் திறந்து அவரை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டு சாத்தினார் டிம்ஸ்.

சர் செட்ரிக் கொஞ்ச நேரம் மழையில் நின்று சட்டம் பேசினார். பிறகு மிரட்டினார். பிறகு தும்மினார். கடைசியில் கேட்டார், மூன்றாவது தடவை கிட்டத்தட்ட அழுகை.

உள்ளே வந்ததும் ஹூபர்ட்டின் கம்பளி அங்கியைப் போர்த்தி, கடுகுத்தூள் கரைத்த வெந்நீரில் காலை வைக்கச் சொன்னேன். எதிரியானாலும் சளி சளிதானே.

"இவ்வளவு காலமா இந்த ஆளுநருங்க என்னதான் கிழிச்சாங்கன்னு கேக்கத்தான் வந்தேன்" என்றார், பல் கிடுகிடுக்க.

"இப்ப பார்த்தீங்களே சார்" என்றார் ஹூபர்ட், கொஞ்சமும் கிண்டல் இல்லாமல். "ஆளுநர் சம்மதிக்காம உங்களால உள்ள வர முடிஞ்சுதா?"

சர் செட்ரிக் நான் கொடுத்த புட்டிங்கை வழித்துச் சாப்பிட்டார். பிறகு இன்னும் கொஞ்சம் புட்டிங் கிடைக்குமா என்று கேட்டார்.

டிசம்பர் 7

போய்விட்டார். இந்தத் தடவை கை கொடுத்தார்.

டார்க்கியைக் கையால் தொடுகிற தூரத்தில் விட்டுவிட்டேனே! முட்டாள் மில்லி.

1950, ஜனவரி 19

தொலைபேசியில் அரண்மனை. பதவி நீடிக்கிறது. ஹூபர்ட் ரிசீவரைப் பிடித்தபடியே விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். யாருக்கோ! பிறகு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். பாதி டார்க்கிக்காக.

ஒரு நிபந்தனை உண்டாம். "சாவி அந்தம்மா கையிலேயே இருக்கட்டும்" என்றாராம் சர் செட்ரிக்.

பிப்ரவரி 11

கஞ்சி ஊற்றியவளுக்கு இப்போது தனி அத்தியாயம். பன்றி அடிக்குறிப்புக்குப் போய்விட்டது. பச்சைப் பாசி மட்டும் போகவில்லை.

இன்றைக்கு ஊசி எடுத்தேன். என் கோட்டில் சாவிக்கென்று பெரிய பையாக ஒன்று தைத்துக்கொண்டேன். அவருடைய ஓட்டை அப்படியே இருக்கிறது.

மாலையில் ஹூபர்ட் தபாலாபீசில் யாரிடமோ முற்றுகைக் கதை பேசிவிட்டு நேரம் கழித்து வந்தார். நல்ல மழை. தொப்பியைக் கழற்றிக் கேட்டார். இரண்டாவது தடவை எனக்குச் சரியாகக் காது கேட்கவில்லை என்று டிம்ஸிடம் சொல்லி, நாலு தடவையாகக் கேட்க வைத்தேன்.