எது மாதிரி என்று நான் கேட்கவில்லை

சிவப்புப் பேனாவைத் தள்ளி வைத்துவிட்டுப் படி என்ற வேண்டுகோளோடு, என் அம்மாவுக்கு,

நீ போய் நான்கு மாதமாகிறது. வீட்டில் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது, உன் கட்டிலுக்கடியில் இருந்த ஆறு கட்டுகளைத் தவிர. அவற்றைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். நேரிலென்றால் சொல்லியிருக்க மாட்டேன். நம் இருவருக்கும் நேரில் பேச வந்ததில்லை.

கட்டுகளின் மேலே தெரிந்தவை உன் மாணவிகளின் மாதத் தேர்வு விடைத்தாள்கள். “பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுடாதடி. பொண்ணுங்க மார்க்கு கடலைப் பொட்டலமா போகக் கூடாது” என்று நீ வருஷக்கணக்காகச் சொன்னது நினைவுக்கு வந்தது. கம்பெனிக்கு எடுத்துப்போனேன். எங்கள் பேக்கிங் பிரிவில் காகிதத்தைக் கீற்றுக் கீற்றாக வெட்டும் இயந்திரம் இருக்கிறது. கார்களின் பக்கவாட்டுக் கண்ணாடிகள் உடையாமலிருக்க, அந்தக் கீற்றுகளைப் பெட்டிக்குள் திணித்துக் கப்பலேற்றுவார்கள். ஆறு கட்டையும் பக்கத்திலேயே நின்று வெட்டக் கொடுத்தேன். உன் சொல்லைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு டீ குடித்தேன்.

மறுவாரம் தேவகி வந்தாள். உன்னிடம் பி.ஏ. தமிழ் படித்துவிட்டு இப்போது ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை லைனில் நிற்கிறாளே, அதே தேவகி.

“நாங்க சொன்னதெல்லாம் மேடம் எழுதினாங்களே, அது இன்னாச்சுக்கா? புஸ்தகமா போடப் போறீங்களா?”

“நோட்டு எதுவும் இல்லையே, தேவகி.”

“நோட்டு எங்க? எங்க பரிட்சை பேப்பர்ல கடைசிப் பக்கமெல்லாம் காலியாத்தானே வுட்டோம். ‘அன்னிக்கு நீங்க எழுதாததை இப்ப நான் எழுதிக்கிறேன்’னு அதுலதான் எழுதிகினு இருப்பாங்க. என் பேப்பர்ல மட்டும் நாலு பக்கம் காலிக்கா.”

அவள் சிரித்தாள். நான் வெட்டக் கொடுத்தது அந்தப் பக்கங்களைத்தான்.

மறுநாள் பேக்கிங் பிரிவுக்கு ஓடினேன். பெட்டிகள் போய்விட்டிருந்தன. தொட்டியின் அடியில் கொஞ்சம் கீற்றுகள் கிடந்தன. உன் கையெழுத்து. ஒரு கீற்றில் ஒரே ஒரு சொல் முழுதாக இருந்தது: ‘மாதிரி’. பர்ஸில் வைத்திருக்கிறேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் இரண்டு பஸ் மாறி, வாலாஜாபாத் தாண்டியிருக்கும் கல்லூரிக்குப் போய்த் தமிழ்ப் பாடம் நடத்தினாய். வகுப்பில் பிசிறில்லாத தமிழ். வாசல்படி ஏறியதும் “இன்னாடி ஆக்கி வெச்சிருக்க?” உன் துறையில் யார் யாரோ கருத்தரங்குகளுக்குப் போனார்கள், புத்தகம் போட்டார்கள். நீ அடுத்த நாள் வகுப்புக்குத் தயார் செய்தாய். அதில் எனக்கு ஒரு வருத்தம் இருந்தது. சொன்னதில்லை.

ஓய்வு பெற்ற மறுவாரம் பென்னலூர் நிறுத்தத்தில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்களைப் பார்த்துவிட்டு வந்து, “என் கிளாஸ் மொத்தமும் அங்கதான்டி நிக்குது” என்றாய். அன்றிலிருந்து சாயங்காலமானால் அங்கே போய்விடுவாய். யாராவது கால் வலி என்றால் “எது மாதிரி இருக்கு?” என்பாய். “காலைக் கன்வேயர்லயே வுட்டுட்டு வந்த மாதிரி கீது மேடம்” என்பாள் ஒருத்தி. வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்வாய். அந்த உவமைகளைத் தொகுப்பதுதான் உன் வேலை என்று எனக்குத் தெரியும். எதில் எழுதுகிறாய் என்று ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை. வேதியியல் படித்தவளுக்கு அதெல்லாம் எதற்கு?

ஒருமுறை படிக்கச் சொன்னாய். “இதையெல்லாம் யாரும்மா படிப்பாங்க?” என்றேன்.

“சொன்னவ படிப்பாடி.”

சின்ன வயதில் எனக்கு வயிற்றுவலி வந்தாலும் உனக்கு இதே கேள்விதான். மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் உவமை சொல்ல வேண்டும். எனக்கு எரிச்சலாக வரும். கடைசி வாரம் மருத்துவமனையில் நான் “வலிக்குதாம்மா?” என்றபோது, நீ கண்ணைத் திறக்காமல் “எது மாதிரின்னு கேளுடி” என்றாய். நான் நர்ஸைக் கூப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது நீ தூங்கிவிட்டிருந்தாய். அப்புறம் நீ பேசவே இல்லை. என்ன சொல்ல வைத்திருந்தாய், அம்மா?

போன சனிக்கிழமை சாயங்காலம் ஒரு புது நோட்டோடு பென்னலூர் நிறுத்தத்துக்குப் போனேன். பஸ் வந்தது. தேவகியோடு ஏழெட்டுப் பெண்கள் இறங்கினார்கள். கட்டுகளுக்கு நேர்ந்ததைச் சொன்னேன். மேடமிடம் சொன்னதையெல்லாம் நினைவிருக்கும் அளவுக்குத் திரும்பச் சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

“இப்டி ஆபீசர் மாதிரி நின்னுகினு கேட்டா யாருக்கா சொல்லுவாங்க?” என்றாள் தேவகி. “மேடம் மொதல்ல அவங்க கதையச் சொல்லுவாங்க. நீங்க சொல்லுங்க. அம்மா இல்லாதது எது மாதிரி கீது?”

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “தெரியலையே” என்றேன்.

“தெரியலன்னு எழுதிக்கோங்க. மேடம் அதையும் எழுதுவாங்க.”

எழுதினேன். அதற்கப்புறம்தான் ஒருத்தி ஆரம்பித்தாள். “எங்க மாமியா செம்பரம்பாக்கம் ஏரி மாதிரின்னு சொன்னேன். எப்ப தொறப்பாங்கன்னு சொல்லவே மாட்டாங்க.”

“அது நான் சொன்னதுடி. உனுக்கு ஏது மாமியா? நீதான் தனியா வந்துட்டியே” என்றாள் பக்கத்திலிருந்தவள்.

“சூப்பர்வைசர் சிரிப்பு லிஃப்ட் கதவு மாதிரின்னு சொன்னது யாரு? நம்ம கிட்ட போறதுக்குள்ள மூடிக்கும்.” அதற்கு மூன்று பேர் சொந்தம் கொண்டாடினார்கள். மூன்று பெயரையும் எழுதிக்கொண்டேன். இருட்டுவதற்குள் பதினொன்று கிடைத்தன. நீ எத்தனை வைத்திருந்தாய் என்று எனக்குத் தெரியாது. வேலையை விட்டுப் போனவர்கள், ஊர் மாறியவர்கள் சொன்னவை திரும்ப வராது. அதைச் சரிசெய்துவிட்டேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் சனிக்கிழமைதோறும் போவேன். எழுதியதை முதலில் சொன்னவளிடமே படிக்கக் கொடுப்பேன். நோட்டின் முதல் பக்கத்தில் உன் பெயரை எழுதி, அதன் கீழே ‘எது மாதிரி?’ என்று கேட்டு வைத்திருக்கிறேன். மீதிப் பக்கம் காலி. அதில் வேறு எதையும் எழுத மாட்டேன், யாரையும் எழுத விடவும் மாட்டேன்.

கேட்காமல் நர்ஸைத் தேடிப் போன
உன் மகள்,
சுமதி