முன்வாசலுக்கு சிமெண்ட்

பூச்சோங், ஞாயிறு, 9 மார்ச்

காலையில் வீட்டு உரிமையாளர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். கார் நிறுத்த வசதியாக முன்வாசல் மண்ணை மூடி சிமெண்ட் போடப் போகிறாராம்.

அந்த மண்ணில்தான் இரண்டு வருடமாக இட்லிப்பூ, துளசி, கருவேப்பிலை எல்லாம் வளர்க்கிறேன். கருவேப்பிலையில் புழு வந்தாலும் மருந்து அடிப்பதில்லை. அதுதானே பட்டாம்பூச்சி ஆகிறது.

"எனக்குக் காரே இல்லையேண்ணே, சிமெண்ட் எதுக்கு?" என்றேன்.

"அடுத்து வர்றவங்களுக்கு இருக்கும் லா."

ஒப்பந்தம் முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. நான் ஏற்கெனவே போய்விட்டதைப் போலப் பேசினார். பிறகு பூக்களைப் பார்த்தார். "இவ்ளோ பூ யாருக்கு தம்பி? வீட்டுக்கு யாரும் வர்றாங்களா?"

"தேனீ வருதுண்ணே."

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். ஜொகூருக்கு வேலைக்குப் போன மகள் தீபாவளிக்குப் பிறகு வரவேயில்லை என்று அவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

கிளம்பும்போது என்ன நினைத்தாரோ, "சுவரோரமா ரெண்டடி விடச் சொல்றேன். அதுல வச்சுக்குங்க. நாளைக்கே ஆளுங்க வந்துருவாங்க," என்றார்.

சாயங்காலம் வரை ஒவ்வொரு செடியாகத் தோண்டி ஓரத்தில் நட்டேன். துளசி தாங்கிவிடும். கருவேப்பிலைக்குத்தான் ஆணிவேர் அறுந்துவிட்டது. இலைகள் தொங்கிப்போயும் புழுக்கள் மேலேயே இருக்கின்றன.

சாப்பிட்ட பிறகு மகளுக்கு வாட்ஸப்பில் பேசி அனுப்பலாம் என்று போனை எடுத்தேன். "அம்மாடி" என்பதற்கு மேல் பேச்சு வரவில்லை. அழித்துவிட்டேன்.

இப்போது மழை தூறுகிறது. கருவேப்பிலை பிழைத்துக்கொண்டால் அவளிடம் சொல்வதற்கு ஒரு விஷயமாவது இருக்கும்.