கொப்பரையை உருக்கும் கட்டளை

நலம் நிறைக. மேகம் இறங்கி வாசல் தெளிக்கும் வெண்கோட்டு நாட்டின் காவலனும், வடகணவாய்க்கு உரியவனும், பாசறையில் இருந்தபடியே குடிகளின் குறை கேட்பவனுமாகிய கோவேள் நெடுமுடியனுக்கு, அவன் இல்லாத நாட்களில் அவன் பெயரால் ஆட்சி நடத்தும் அரசமாதா வேய்மொழி நங்கை எழுதி முத்திரையிட்டு அனுப்பும் ஓலை. உன் வில்லின் நாண் தளராதிருக்கட்டும். உன் வீரர்களின் கூடாரங்களுக்குள் பனி நுழையாதிருக்கட்டும். எல்லையோரத்து ஊர்கள் உன் காவலில் அச்சமின்றி உறங்கட்டும்.

அரண்மனை வெந்நீர்க் கொப்பரையின் அடியில் விரிசல் விட்டிருப்பதை முந்தைய ஓலையில் தெரிவித்திருந்தோம். ஒட்டுப்போட்டு வைக்கும்படியும், மற்றதை நீ திரும்பி வந்தபின் பேசலாம் என்றும் நீ மறுமொழி அனுப்பினாய். அதற்குள் கணவாயைப் பனி மூடத் தொடங்கிவிட்டது. இனி வேனில் வரும்வரை வெளியிலிருந்து செம்பு வராது. நம்மிடம் உள்ள செம்பு அந்தக் கொப்பரை மட்டுமே. அதற்கு ஒட்டுப்போடலாம், அல்லது அதை உருக்கி வேறொன்று செய்யலாம். இரண்டையும் செய்ய வழியில்லை.

அந்த வேறொன்று என்ன என்பதைச் சொல்கிறேன். உன் மனைவி மாதினியின் பிறந்த நாட்டிலிருந்து சேந்தன் என்ற கன்னான் வந்து பனியில் சிக்கி இங்கேயே தங்கியிருக்கிறான். செம்பை நீண்ட குழாயாக இழுத்து, சுருளாக வளைத்து, கரியடுப்புக்குள் பதிப்பது அவன் வேலை. மேலிருந்து ஓடைநீர் அந்தச் சுருளுக்குள் ஓடி வரும். உள்ளே போகும்போது பனிபோல இருப்பது வெளியே வரும்போது கை பொறுக்காத சூட்டில் வரும் என்கிறான். யாருக்கு எப்போது வேண்டுமோ அப்போது கரியை மூட்டினால் போதும். நாள் முழுக்க நெருப்பைக் காக்க வேண்டாம், காட்டை வெட்டிக் கொப்பரைக்குத் தீனி போடவும் வேண்டாம்.

குறையையும் அவன் மறைக்கவில்லை. ஒரு நேரத்தில் ஒருவரே குளிக்கலாம். நீர் விழும் மடைகள் இரண்டை ஒன்றாகத் திறந்தால் இருவருக்கும் வெதுவெதுப்பே மிஞ்சும். கொப்பரையோ ஒரே நேரத்தில் வீடு முழுவதற்கும் ஈந்துவிடும், நெருப்பு அணைந்தபின்னும் நெடுநேரம் சூட்டை வைத்திருக்கும். அதைவிடப் பெரிய கவலை நம் மலைநீரில் இருக்கும் சுண்ணாம்பு. அது சுருளுக்குள் படிந்து வழியை அடைத்துவிடுமா என்று கேட்டேன். "என் ஊர்த் தண்ணிக்கு நான் பொறுப்பு தாயே. உங்க மலைத்தண்ணிக்கு மலைதான் பொறுப்பு" என்றான். இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு உன் முன்னோர் வார்த்த கொப்பரையை எப்படி உடைப்பது? இதை எண்ணி எண்ணி நான் தளர்ந்துபோனேன்.

ஆனால் என்னைத் தடுத்தது சுண்ணாம்பு மட்டும் அல்ல. மகனே, இதை உனக்கு மறைக்க மனம் இல்லை.

நம் வீட்டு முறை உனக்குத் தெரியும். நீ இருந்தால் முதல் நீர் உனக்கு. நீ இல்லாதபோது எனக்கு. அந்த முதல் செம்பு ஊற்றப்படும்வரை வேறு யாருக்கும் கொப்பரையின் மூடி திறக்கப்படாது. எனக்குப் பின் உன் அத்தை காரிநங்கை, அவளுக்குப் பின் மற்றவர்கள், எல்லோருக்கும் பின் பிள்ளை பெறாத மருமகள். அவள் முறை வரும்போது கொப்பரையில் அடிக்கலங்கல்தான் இருக்கும், அதுவும் ஆறியிருக்கும். அந்த இடத்தில் நானும் நின்றவள்தான். உன் பாட்டி மறைந்தபின்தான் முதல் நீர் என் தோளில் விழுந்தது. அந்தச் சூடு முதுகில் இறங்கும்போது எனக்குத் தோன்றியது நன்றி அல்ல. இனி இது என்னுடையது என்று தோன்றியது. சேந்தன் சுருளைப் பற்றிச் சொன்னதும், முதலும் இல்லை கடைசியும் இல்லை என்ற ஒரு வீடு என் கண்முன் வந்தது. என் மனம் அதை வரவேற்கவில்லை. இப்போதுதானே எனக்குக் கிடைத்தது என்று அது சிணுங்கியது. இத்தனை வயதில் ஒரு பெண்ணின் நெஞ்சு ஒரு செம்பு வெந்நீருக்கு இப்படி ஒட்டிக்கொள்ளும் என்று நான் நினைத்ததில்லை.

மாதினி கருவுற்ற செய்தியை நீ அறிவாய். குளிர் அவளுக்கு ஆகாது, சூடான நீரில்தான் குளிக்க வேண்டும் என்று மருத்துவச்சி கண்டிப்பாகச் சொன்னாள். தனியாகப் பானையில் காய்ச்சித் தரலாம் என்றால், கொப்பரை எரியும் வீட்டில் தனிப்பானை வைப்பது இறந்தவரைக் கழுவ மட்டுமே. கருவுற்றவளுக்கு அதைச் செய்ய யார் கை துணியும்? ஆகவே என் முறையை அவளுக்கு விட்டுக்கொடுப்பதாகச் சொன்னேன். காரிநங்கை சிரித்தாள். "வயித்துல புள்ள வந்தா கொப்பரையும் கூடவே வந்துருமா அண்ணி? நாங்கல்லாம் பாறை இடுக்குலயா பெத்தோம்?" என்றாள். மாதினி தலை குனிந்தபடி, "வேண்டாம்மா, எனக்குப் பழகிப்போச்சு" என்றாள். அந்தச் சொல்லை நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன். சொன்னபோதெல்லாம் அது பொய்யாகவே இருந்தது.

மறுநாள் காலையில் நான் குளிக்கும் கூடத்துக்குப் போகவில்லை. நான் போகாவிட்டால் அவள் முதலில் குளிப்பாள் என்று நினைத்தேன். கொப்பரையைக் காக்கும் மருதி என் செய்கையை வேறுவிதமாக எடுத்துக்கொண்டாள். முதல்வர் நீர் தொடாத நாள் நம் வீட்டில் நோன்பு நாள் அல்லவா? அவள் பக்தியோடு நெருப்பை அணைத்துவிட்டாள். நான் கேட்டபோது, "தாயே, நீங்க தொடாத தண்ணிய நான் யாருக்கு ஊத்துவேன்?" என்று அழுதாள். அவளைக் கோபிக்க எனக்கு வாயில்லை. அதற்குள் மாதினி ஈரக்கல்லின்மேல் நெடுநேரம் காத்து நின்று, யாரையும் கேட்கக் கூசி, ஓடைநீரை மொண்டு ஊற்றிக்கொண்டு போயிருக்கிறாள்.

அன்று மாலை அவளுக்கு நடுக்கமும் காய்ச்சலும் கண்டன. இப்போது காய்ச்சல் இறங்கியிருக்கிறது, கருவும் நிலைத்திருக்கிறது. இன்னொரு முறை குளிர் உள்ளே இறங்கினால் தாயையும் சேயையும் சேர்த்துக் காப்பது அரிது என்று மருத்துவச்சி சொல்கிறாள். அவள் கால்களை என் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. முறையை வைத்துக்கொண்டு அதற்குள் கருணை காட்ட நான் முயன்றேன். கொப்பரை இருக்கும்வரை முதல் நீர் இருக்கும். முதல் நீர் இருக்கும்வரை யாரேனும் ஒருத்தி ஈரக்கல்லில் நிற்பாள்.

சுருள் அடைத்துக்கொள்ளலாம். அப்படி நேர்ந்தால் இந்த வீடு முழுவதும் குளிர்காலத்தைக் குளிர்நீரோடு கழிக்கும், ஊரும் உறவும் என்னை ஏசும். நான் செய்வது சரி என்ற உறுதி எனக்கு இன்னும் வரவில்லை. வரும்வரை காத்திருக்க மாதினியால் முடியாது.

ஆகவே யாம் ஆணையிடுவது: இந்த ஓலையைக் கொண்டுவருபவன் கணவாயைக் கடக்குமுன் கொப்பரை உடைக்கப்பட்டு உலையில் ஏறியிருக்கும். அதைத் தடுத்து மறுமொழி எழுத வேண்டாம். சேந்தன் வளைக்கும் முதல் சுருள் மாதினியின் அறையை ஒட்டியே அமையும். வாரந்தோறும் சுருளைக் கழற்றிப் புளிநீர் விட்டுக் கழுவும் பொறுப்பை மருதி ஏற்றிருக்கிறாள். காரிநங்கையின் மனத்தாங்கலை யாம் பார்த்துக்கொள்வோம்.

நீ வெற்றியோடு திரும்பும் நாளில், வழிக்களைப்போடு அந்தச் சுருளின் நீரில் குளிக்க வருவாய். உள்ளே மாதினி குளித்துக்கொண்டிருந்தால், மடையைத் திறக்காமல், அவளை அழைக்காமல், அவள் முடித்து வெளியே வரும்வரை கதவுக்கு வெளியே காத்திரு. இது அரசமாதாவின் கட்டளை. வெண்கோட்டு முத்திரை இடப்பட்டது.