என் கை என்று சொன்னேன்

ஆகஸ்ட் 12, செவ்வாய்.

இல்லை, தைரியமாகப் பேசவில்லை. குரல் நடுங்கத்தான் செய்தது.

செங்கல்பட்டு தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை; நான் மொழிபெயர்ப்பாளர். சிறுசேரி கட்டட வேலையில் கை நசுங்கிய பிபின் ஒடியாவில் சொல்லச் சொல்ல, நான் தமிழில் சொன்னேன்: "மிஷினை நிறுத்தச் சொன்னேன். மேஸ்திரி நிறுத்தவில்லை. என் கை போய்விட்டது."

மேஸ்திரி எகிறினார். "இன்னாம்மா, உன் கையா போச்சு? அவன் அசால்ட்டா இருந்தான்னு சுருக்கமா சொல்லு. இனிமே உன்னை எவன் கூப்புடுவான்னு பாக்குறேன்."

விசாரணை அதிகாரியும் 'என் கை' என்பதை எப்படிப் பதிவது என்று தயங்கினார். மொழிபெயர்ப்பாளர் சங்கத்தின் விதித்தாளை அவர் முன் வைத்தேன். அதில் உள்ளது இதுதான்: பேசுபவர் 'நான்' என்றால் நாங்களும் 'நான்' என்போம். கூட்டவோ குறைக்கவோ மாட்டோம். படித்துவிட்டுச் சங்கச் செயலாளருக்குப் போன் போட்டார். அந்த அம்மாள் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை கொறச்சா சொல்லுங்க சார், நாங்களே அவ கார்டைப் புடுங்கிடுவோம். கொறைக்கச் சொன்னவரை நீங்க வெளிய அனுப்புங்க."

அதிகாரி சொல்ல, மேஸ்திரி வெளியே போனார். பிபின் சொன்னது சொன்னபடியே பதிவானது.

திருக்கழுக்குன்றம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கால் வலிக்கவில்லை.

சங்கம் எதற்கு, டீ பிஸ்கட்டுக்கா என்று போன மாதம் கேட்டவள் நான். உறுப்பினர் புதுப்பிப்புப் படிவம் பாதி படித்த புத்தகத்தில் அடையாளமாகக் கிடந்தது. எடுத்து நிரப்பிக் கையெழுத்துப் போட்டேன்.