ஓரம் தெரியுதா?

ஜனவரி 11, சனி

பைனாகுலர் வந்தது. மூக்குக்கண்ணாடியோடு வைத்தால் கறுப்புக்கு நடுவே ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு மலை. கழற்றிவிட்டு வைத்தால் திருகிச் சரிசெய்ய முடிகிறது. ஆனால் குருவி எங்கே என்று தேட மறுபடி கண்ணாடி வேண்டும். மாட்டுவதும் கழற்றுவதுமாகவே காலை போனது.

பொழுது சாய்ந்து கடைக்குப் போகும்போது கல்லில் இடறினேன். இந்த வாரம் இது முதல் தடவை இல்லை. "மாலைக்கண்ணுடி. உங்கப்பாவோட சித்தப்பாவுக்கும் இருந்துச்சு. கீரை சாப்புடு," என்றாள் அம்மா.

ஜனவரி 12, ஞாயிறு

வேங்கிக்கால் ஏரி, ஃபராவோடு. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி; என்னுடையதைவிடத் தடித்த கண்ணாடி. நான் படும் பாட்டைப் பார்த்துச் சிரித்தாள்.

"கண்ணு வெக்கற எடத்துல இருக்கற ரப்பர் வளையத்த கீழ இறக்குடி. அது கண்ணாடி போடாத மகாராணிங்களுக்கு."

வளையம் நின்றால் கண் லென்ஸிலிருந்து தள்ளிப் போய்விடுமாம். இறக்கியதும் காசு மறைந்தது. தண்ணீர், தண்ணீர், நாமக்கோழிகள்.

"சுத்தி ஓரம் தெரியுதா? கத்தரிச்ச மாதிரி வட்டமா இருக்கணும். அப்பதான் முழுசா பாக்கறேன்னு அர்த்தம்."

தெரியவில்லை.

"அப்ப இது நம்மள மாதிரி சோடாபுட்டிங்களுக்கு ஆகாது. மாத்திடு."

ஜனவரி 19, ஞாயிறு

மாற்றி வாங்கியாயிற்று. கண்ணாடிக்காரர்களுக்கென்றே செய்தது, கண் சற்றுத் தள்ளி இருந்தாலும் காட்சி குறையாது. ஆனாலும் ஓரம் இல்லை.

ஃபரா வாங்கிப் பார்த்தாள். "பளிச்சுனு இருக்கே ஓரம். வலது பக்கம் கம்பத்துல மீன்கொத்தி வேற."

மறுபடி நான். அதே இடம். கம்பமே இல்லை.

"ஆட்டாம நேரா பாருடி. ஓரத்துலயே குந்தினு இருக்குது."

நேராகத்தான் பார்த்தேன். பைனாகுலரை நகர்த்தியபின் மீன்கொத்தி வந்தது — எங்கிருந்தோ முளைத்த மாதிரி.

ஃபரா கேலி செய்யவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஜனவரி 20

குறை கருவியில் இல்லை என்றால்?

ஜனவரி 27, திங்கள்

வேலூர், கண் டாக்டர். ஒரு பெரிய கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி மின்னும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். வெகுநேரம் ஒன்றும் மின்னவில்லை. எந்திரம் பழுது என்று நினைத்தேன்.

மின்னிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

விழித்திரை ஓரத்திலிருந்து பட்டுப்போய்க்கொண்டு வருகிறது. கீரையால் ஆகாது. எனக்கு வந்திருக்கும் வகைக்கு இன்றைக்கு மருந்தும் இல்லை. நடுப்பார்வை சில வருடங்கள் நிற்கலாம். போன இடம் கறுப்பாகத் தெரியாதாம். போனதே தெரியாதாம். இருட்டைப் பற்றி எவ்வளவு படித்திருக்கிறேன்! ஒருவரும் இதைச் சொல்லவில்லையே.

"அப்பா அம்மா சொந்தத்துல கட்டினவங்களா?"

அப்பா, அம்மாவுக்குத் தாய்மாமன்.

"கூடப்பொறந்தவங்க இருந்தா கூட்டிட்டு வாங்கம்மா."

ஜனவரி 28

அம்மா முதலில் அழுதாள். பிறகு எழுந்து கதவைச் சாத்தினாள்.

"வெளிய மூச்சு விடாத. வினோதினிக்கு ஒண்ணும் இல்ல, அவள இதுல இழுக்காத. நாளைக்கு அவளுக்கு ஒரு நல்லது நடக்க வேணாமா?"

சரி என்றேன். தங்கைக்கு மார்ச்சில் ப்ளஸ் டூ பரீட்சை. அதனாலா சரி என்றேன்? இல்லை — தெரிந்துகொள்ள எனக்கே தெம்பில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

மொட்டை மாடியில் வினோதினி பைனாகுலரைப் பிடுங்கிக்கொண்டாள். அவள் கண்ணாடி போடாத மகாராணி. வளையத்தை ஏற்றிக் கொடுத்தேன். மலைப்பக்கம் திருப்பினாள்.

"அக்கா! பாறைலாம் மூஞ்சி கிட்ட வந்துடுச்சு!"

கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். கேட்டுவிட்டேன். "சுத்தி ஓரம் தெரியுதா?"

"ஓரமா? ஓரமே இல்லக்கா. எங்க பாத்தாலும் மலைதான்!"

"பெரிய மலையாச்சே," என்றேன்.

பிப்ரவரி 10

அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வினோதினியை வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

அம்மா தலை நிமிரவில்லை.

"அவளுக்கும் குடுத்துனுதான்டி இருக்கறேன், கீரை."